திரும்பி வரும்போது வேறு காடு

"எங்க வெச்சீங்க?"

"நல்ல எடம்தான், சபூ. ஒரு மூலையில. சின்னப் புள்ளைங்களுக்குன்னு தனியா இருக்கு."

"வெயில் அடிக்குமா?"

"இல்ல. மரம் இருக்கு. நெழல்தான்."

"என்ன மரம்?"

"பெரிய மரம்."

"பேரு?"

"தெரியல, சபூ. நீ தூங்கு."

ஆறு வருடங்களுக்கு முன்னால், ஒரு மழை மாலையில், சபூராவும் அவள் கணவன் சாஹித்தும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஏழாம் மாதத்தில் மூச்சில்லாமல் பிறந்த மகளைப் பற்றி அதற்குப் பிறகு அவர்கள் ஒரு சொல்லும் பேசியதில்லை. அன்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து, அவன் போர்வையை இழுத்து அவள் பாதங்களை மூடினான். போர்த்திய அவன் விரல்களின் நகக்கண்களில் செம்மண் இருந்ததை அவள் அரைக்கண்ணால் பார்த்தாள்.

சபூராவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மூலையைப் பார்க்க வேண்டும். மகள் இருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

சாஹித்தின் குடும்பத்தில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஆண்கள் தூக்கிக்கொண்டு போவார்கள், அடக்கம் செய்வார்கள், வந்து கைகால் கழுவுவார்கள். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து யாசீன் ஓதுவார்கள். போகக்கூடாது என்று யாரும் சட்டம் போட்டதில்லை. போகட்டுமா என்று எவளும் கேட்டதும் இல்லை. பக்கத்து வீட்டு ரொஸ்னா பெருநாள் காலையில் பன்னீர் பாட்டிலும் ஒரு கூடைப் பூவிதழும் சுருட்டிய பாயுமாக மையவாடியில் இருக்கும் அம்மாவின் கபுருக்குக் கிளம்பும்போது, சபூரா சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பாள். படியிறங்கும் ரொஸ்னாவின் வெள்ளை முக்காடு வளைவில் மறையும்வரை பார்ப்பாள். அப்புறம் ரெண்டாங் கறிச் சட்டியைக் கிளறுவாள்.

கேட்டுவிடலாம் என்று பல முறை வாயைத் திறந்திருக்கிறாள். பெர்ரியில் கடல் பார்த்து நின்றபோது. சிவப்பு விளக்கில் கார் நின்றபோது. ஒருமுறை அவன் முடிவெட்டிக்கொண்டு வந்து, பின்கழுத்து பளிச்சென்று குழந்தை மாதிரி இருந்தபோது. ஒவ்வொரு முறையும் அவளைத் தடுத்தது மாமியாரிடம் உள்ள பயம் அல்ல. வெள்ளைத் துணிதான்.

ஜார்ஜ் டவுனின் மார்க்கெட் ஸ்திரீட்டில் அவர்களுடையது துணிக்கடை. மகளுக்குத் தேவைப்பட்ட வெள்ளைத் துணியைத் தன் கையாலேயே கடையில் வெட்டி எடுத்துப் போனான் சாஹித். அன்று முதல், வெள்ளைத் துணி கேட்டு யாராவது வந்தால் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தன் தம்பியைக் கூப்பிடுவான். பிறகு, வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவான். சபூரா இதைக் கவனித்திருந்தாள். இவ்வளவு கஷ்டப்பட்டு மூடி வைத்திருப்பவனிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் அவன் உடைந்துபோவான் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், உடையாமல், "நம்ம வழக்கம் அதில்லையே, சபூ" என்று மெதுவாகச் சொல்லிவிடுவானோ என்பது. அதற்கப்புறம் கேட்க எதுவுமே மிச்சமிருக்காது.

சபூரா குவீன் ஸ்திரீட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகர். பல்கலைக்கழகம்வரை படித்தவள். நாள் முழுக்க இருட்டு அறையில், அடுத்தவர் கண்ணுக்குள் சின்ன வெளிச்சத்தைப் பாய்ச்சி, "இப்பத் தெளிவா இருக்கா? இல்ல இப்பவா?" என்று கேட்பது அவள் வேலை. அங்கே கண்ணாடி மாற்ற வந்த ஒரு பெண்தான் காட்டு வாழ்க்கைப் பயிற்சி பற்றிச் சொன்னாள். நூருல் ஹுதா என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. காட்டியல் படித்துவிட்டு, வார நாட்களில் பத்து பெரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலிக் பூலாவ் பக்கம், ஒரு டுரியான் தோட்டத்துக்குப் பின்னால் ஏறும் மலைக்காட்டில், தீ மூட்டவும் கூரை வேயவும் வழி பார்க்கவும் கற்றுக்கொடுக்கிறாள்.

"மரத்து பேரெல்லாம் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டாள் சபூரா.

"மரத்து பேரு தெரியாம காட்டுல என்னக்கா செய்யறது? கண்டிப்பா சொல்லித் தருவேன். ஆனா ஜோடியாத்தான் வரணும். தனியா யாரையும் சேக்கறதில்ல."

அன்றே சபூரா சாஹித்திடம் சொன்னாள். அவன் பாத்திக் துணியை அளந்துகொண்டிருந்தான்.

"காட்டுல போயி தீ மூட்டவா? வீட்டுல கேஸ் அடுப்பு இருக்குலா."

"ஜோடியாத்தான் சேத்துக்குவாங்களாம்."

"ரொஸ்னாவ கூட்டிட்டுப் போ. நல்லா பேச்சுத் துணையா இருக்கும்."

"எனக்கு மச்சான்தான் வேணும்."

அளவுகோல் பாதியில் நின்றது. கல்யாணமான புதிதில் சொன்ன மாதிரி அவள் சொன்னாள். அவன் காது மடல் சிவந்தது.

மாமியார் மட்டும் விடவில்லை. "முந்தி நீ கேக் கிளாஸ் போனப்ப, கேக்காவது வந்துச்சு. இதுக்குப் போனா என்ன வரும், பாம்பா?"

"பாம்பு வந்தா ஒங்களுக்குத்தான் மாமி முதல் துண்டு," என்றாள் சபூரா. மாமியார் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு தடுக்க முடியாது.

அப்படித் தொடங்கிய ஞாயிறுகள் சபூராவுக்கு ஒரு கனவின் பகுதிகளைப்போல் ஆயின. விடியற்காலையில் மலைச்சாலையில் கார் வளைந்து வளைந்து ஏறும். கீழே கடல், மேலே பனி. தோட்டத்து வாசலில் கைப்பேசிகளை ஹுதா ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வாங்கி வைத்துக்கொள்வாள். ஹோட்டல் மேசையில் சாவி கொடுக்கும் அதே புன்னகையோடு ஆளுக்கொரு விசில் கொடுப்பாள். அப்புறம் மரங்களுக்குள் நுழைவார்கள். பத்து எட்டு வைத்ததும் உலகத்தின் சத்தம் பின்னால் ஒரு கதவு சாத்தியதுபோல் நின்றுவிடும். வெளிச்சம் இலைகள் வழியாக இறங்கி இறங்கிப் பச்சை நீராகத் தரைக்கு வரும். அந்த நீரின் அடியில் நடப்பதுபோல் சபூரா நடப்பாள்.

இன்னொரு ஜோடியும் வந்தது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து சிவநேசனும் சுபாஷினியும். இருவருக்கும் தொழிற்சாலை வேலை, இருவருக்கும் வாய் ஓயாது.

முதல் ஞாயிறு கத்தி பிடிக்கக் கற்றார்கள். காய்ந்த குச்சியை, வெட்டி எடுக்காமல், சுருள் சுருளாகச் சீவி அதிலேயே விட வேண்டும். அந்தச் சுருளில்தான் தீ முதலில் பிடிக்கும். சாஹித் சீவியது கோழி இறகுபோல் விரிந்து நின்றது. துணி மடித்துப் பழகிய கை.

"பாய், ஒங்களது பூ மாதிரி இருக்கு. என்னது பல்லு குத்துற குச்சியா ஆயிருச்சு," என்றான் சிவநேசன்.

"பத்திரமா வைங்க. மத்தியானம் ஆட்டுக்கறி," என்றாள் சுபாஷினி.

இன்னொரு ஞாயிறு மூங்கிலின் மேல்தோலைச் சுரண்டிப் பஞ்சாக்கினார்கள். தீப்பொறிக் கம்பியில் கத்தியின் முதுகை இழுத்தால் பொறி பறக்கும். சபூரா இழுத்து இழுத்து மணிக்கட்டு வலித்தது. ஒரு பொறி பஞ்சுக்குள் விழுந்து, போய்விட்டதோ என்று நினைக்கும்போது மெல்லச் சிவந்தது. "ஊது, ஊது, மெதுவா," என்று சாஹித் அவள் கன்னத்தோடு கன்னம் வைத்து ஊதினான். புகைக்குள் இருவருக்கும் கண்ணீர் வழிந்தது. "அழறியா?" என்றான். "பொக மச்சான்," என்றாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்துக்குச் சிரித்தார்கள்.

மரங்களின் பெயர்களை அவள் கேட்டுக்கொண்டே போவாள். பூலாய், மெராந்தி, கெலெடாங். நல்ல நிழல் எது, வேர் எப்படி ஓடும், பூ உதிருமா, உதிர்ந்தால் என்ன நிறம். ஹுதா பொறுமையாகச் சொல்வாள். வீடு திரும்பும் வழியில் சபூரா காரில் கண்ணை மூடிக்கொண்டு, அன்று கற்ற மரத்தை அந்த மூலையில் நடுவாள். ஒரு வாரம் முழுக்க மகளின் மேல் பூலாய் நிழல் விழும். அடுத்த வாரம் மெராந்தியின் சிறகு முளைத்த விதைகள் சுழன்று சுழன்று இறங்கும். அது கபுரா, மரமா, மகளா என்று தெரியாத ஒரு பச்சைத் தூக்கம் அவளுக்கு வரும். பக்கத்தில் சாஹித் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஓட்டுவான்.

கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. காட்டுக்குள் கேட்டுவிடலாம் என்றுதான் அவனை இங்கே அழைத்து வந்தாள். கடை இல்லை, தம்பி இல்லை, கைப்பேசி இல்லை. ஆனால் காட்டுக்குள் அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கலைக்க மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே வந்து, கடைசி ஞாயிறு வந்துவிட்டது.

அன்று வழி பார்க்கும் பரீட்சை. ஒவ்வொரு ஜோடியும் ஓடைவரை போய்வர வேண்டும். போகும்போது ஒருவர் அடையாளம் வைத்துக்கொண்டே போக வேண்டும். திரும்பும்போது மற்றவர் அந்த அடையாளத்தைப் பார்த்து அழைத்து வர வேண்டும். செடியை வெட்டக்கூடாது, ஒடிக்கக்கூடாது. காய்ந்த ஓலைத் துண்டுகளை மரப்பட்டை இடுக்கில் செருகினால் போதும்.

"ஒண்ணு மட்டும் மறக்காதீங்க," என்றாள் ஹுதா. "கொஞ்சம் நடந்ததும் நின்னு திரும்பிப் பாருங்க. போறப்ப பாக்கறது ஒரு காடு. திரும்பி வரும்போது அது வேற காடு. அதையும் பாத்து வெச்சுக்கணும். வழி தெரியலயா, நில்லுங்க, உக்காருங்க, விசில் ஊதுங்க. தேடிக்கிட்டு நடக்காதீங்க. உக்காந்திருக்கறவங்களத்தான் கண்டுபுடிக்க முடியும்."

"எங்க வீட்டுக்காரர் எப்பவுமே உக்காந்துதான் இருப்பாரு," என்றாள் சுபாஷினி. "அவர ஈசியா கண்டுபுடிச்சுடலாம்."

சாஹித் அடையாளம் வைக்க, சபூரா பின்னால் நடந்தாள். முன்னால் போகும் அவன் முதுகை அவள் பார்த்துக்கொண்டு போனாள். கட்டம் போட்ட சட்டை, வியர்வை வரைந்த ஒரு தீவு. அவன் எதிரே வந்த ஒவ்வொரு மரத்திலும் ஓலைத் துண்டைச் செருகினான். நேர்த்தியாக, ஒரே உயரத்தில், கடையில் விலைச்சீட்டு குத்துவதுபோல். ஓடைவரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சபூராவும் சொல்லவில்லை. அவள் மனம் வேறெங்கோ இருந்தது. திரும்பும்போது கேட்டுவிட வேண்டும், திரும்பும்போது, என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

ஓடையில் முகம் கழுவினார்கள். திரும்பினார்கள். இப்போது சபூரா முன்னால்.

சற்று தூரத்தில் அவள் நின்றாள். "மச்சான், அடையாளத்தக் காணோம்."

"வெச்சேன்லா. ஒரு மரம் விடல."

அவள் ஒரு மரத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் ஓலைத் துண்டு அழகாக நின்றது. "இந்தா இருக்கு. மரத்துக்குப் பின்னால."

"பின்னால இல்ல. முன்னால. நான் வரும்போது அதான் முன்னால."

"நாம இப்ப திரும்பிப் போயிட்டிருக்கோம், மச்சான்."

சாஹித் மரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஜார்ஜ் டவுன்லயே பொறந்து வளந்தவன்கிட்ட திரும்பி வர்ற வழிக்கு போர்டு வையின்னா? எங்க பக்கம் எல்லா ஜாலானும் ஒருவழி ரோடுதானே."

"இப்ப என்ன செய்யறது?"

"ஒவ்வொரு மரமா சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டுப் போனா பொழுது சாஞ்சிரும். நான் சொல்றேன் கேளு. எடது, எடது, எடது. வந்துரும்."

"என்ன வந்துரும்?"

"கடை முன்னால கேரேத்தாவ பார்க் பண்ண எடம் இல்லன்னா என்னா பண்றேன்? எடது, எடது, எடது. மறுபடி கடை வந்துருதா இல்லையா?"

"காட்டுல யாரு மச்சான் ரோடு போட்டது?"

"தீவுதானே இது, சபூ? சுத்துனா எங்க போயிடும்?"

அவன் சொன்னவிதத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. முதல் இடது ஒரு பள்ளத்தில் இறங்கியது. இரண்டாவது இடதை ஒரு பாறை மறித்தது. அதைச் சுற்ற வலது போனார்கள். வலது போனதைச் சரிக்கட்ட இன்னும் ஒரு இடது. மூன்றாவது இடது எது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. கடைசியில் ஒரு மூங்கில் கூட்டத்தின் முன்னால் போய் நின்றார்கள். யானைக் கால் தடிமன் மூங்கில்கள். காற்றே இல்லாமல் தமக்குள் கிறீச்சென்று பேசிக்கொண்டிருந்தன. இந்த மூங்கில்களை இருவரும் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"கடை வரல," என்றாள் சபூரா.

"எடம் மாத்திட்டானுங்க போல," என்றான் சாஹித்.

நின்றார்கள். உட்கார்ந்தார்கள். சபூரா விசிலை ஊதினாள். காடு அதை வாங்கி விழுங்கிக்கொண்டது. மறுபடி ஊதினாள். வெகுதூரத்தில், பள்ளத்துக்கு அப்பால், ஒரு விசில் பதில் சொன்னது. அப்புறம் ஹுதாவின் குரல், தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல். "அங்கேயே இருங்க! மழ வருது! சுத்திக்கிட்டு வரணும்! அங்கேயே இருங்க!"

மழை அவளுக்கு முன்னால் வந்துவிட்டது. முதலில் மேலே, இலைகளின் கூரையில், ஒரு பெருங்கூட்டம் கைதட்டும் சத்தம். கீழே ஒரு துளிகூட இல்லை. பிறகு கூரை நிறைந்து, ஒவ்வொரு இலையும் அடுத்த இலைக்குக் கைமாற்றிவிட, மழை படிப்படியாக இறங்கி வந்தது.

"ஓல," என்றான் சாஹித். இருவரும் எழுந்தார்கள். பேச்சில்லாமல் வேலை நடந்தது. முள்ளோடு நிற்கும் பெர்த்தாம் பனையின் ஓலைகளை அவன் பாராங் அரிவாளால் வெட்டிக் கொடுத்தான். விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் அவள் அவற்றைச் சாய்த்து, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாள். நடுவில் ஒரு ஓலை நழுவியது. அவன் ஒரு கொடியை முறுக்கிக் கட்டிய முடிச்சில் துணிக்கடை வாசனை இருந்தது. அந்தச் சின்னச் சாய்ப்புக்குள் இரண்டு பேர் நெருங்கி உட்கார இடம் இருந்தது.

உட்கார்ந்தார்கள். ஓலைமேல் மழை. ஓலைக்கு வெளியே எல்லாம் வெள்ளி நூலாக இழுத்துக் கட்டியிருந்தது. அந்த நூல்களுக்கு அப்பால் மூங்கில்கள் இருந்தனவா, இல்லை அவை இருந்த ஞாபகமா என்று சொல்ல முடியவில்லை.

"பயமா இருக்கா?" என்றான்.

"இல்ல. ஒங்களுக்கு?"

"கொஞ்சம்." பிறகு, "உம்மாகிட்ட சொல்லாத. பாம்பப் புடிச்சுக் கொண்டுவரலன்னு மட்டும் சொல்லு."

அவள் காலில் ஒரு அட்டை ஏறியிருந்தது. அவன் குனிந்து, நகத்தால் மெதுவாகத் தள்ளி எடுத்து வெளியே போட்டான். அவ்விடத்தில் ரத்தம் ஒரு சிவப்புப் புள்ளியாக நின்றது. கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தான். எடுக்க மறந்தவன்போல் இருந்தான். அந்த விரலின் வெதுவெதுப்பு காலிலிருந்து மேலே ஏறி அவள் தொண்டைவரை வந்தது.

"மச்சான்."

"ம்."

"ஒங்க தலைல எல."

அவன் தலையைத் தடவி இலையை எடுத்துப்போட்டான். சபூரா கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு வருடமாக இப்படித்தான். இலை, உப்பு, சாவி, மாமியின் மருந்து. அந்தச் சொல் வர வேண்டிய இடத்தில் எல்லாம் வேறு ஏதாவது ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விசில் மறுபடி கேட்டது. இந்த முறை கொஞ்சம் அருகில்.

"மூங்கில் மறைக்குது, அவங்களுக்கு நாம இருக்கறது தெரியாது," என்றான் சாஹித். மீதியிருந்த ஓலைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு மழைக்குள் எழுந்து போனான். முதல் மரத்தில் ஒரு துண்டைச் செருகினான். மரத்தைச் சுற்றிப்போய் மறுபக்கமும் ஒன்று செருகினான். பிறகு நின்று, திரும்பி, ஓலைக்குள் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தான். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான். அங்கேயும் இரண்டு பக்கம். அங்கேயும் நின்று, திரும்பி, அவளைப் பார்த்தான். மரம் மரமாகச் சின்னதாகிக்கொண்டே போனான். மழைப் புகைக்குள் கட்டம் போட்ட சட்டை மங்கியது. ஆனாலும் ஒவ்வொரு மரத்திலும் ஒருமுறை அவன் முகம் அவள் பக்கம் திரும்பியது.

ஒரு ஆண், மழையில், தன் மனைவி எங்கே இருக்கிறாள் என்று பார்த்துப் பார்த்து நடக்கிறான். இவன் மூடி வைத்திருந்தது கல்நெஞ்சம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று, செம்மண்ணோடு திரும்பி வந்த நாளில், இவன் எத்தனை தூரம் தனியாகப் போய் எத்தனை தூரம் தனியாக வந்திருப்பான் என்பதை இப்போதுதான் யோசித்தாள். இத்தனை நாளும் அவள், போக முடியாத தன்னைப் பற்றி மட்டுமே நினைத்திருந்தாள். அவள் துணையில்லாமல் போய்வந்த அவனை நினைக்கவில்லை.

அவன் திரும்பி வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கண்ணிமையில் நீர்.

"ரெண்டு பக்கமும் வெச்சுட்டேன். போதுமா, கண்ணாடிக்கார டாக்டரம்மா? இப்பத் தெளிவா இருக்கா?"

"நான் டாக்டர் இல்ல, மச்சான்."

"எனக்கு டாக்டர்தான்." அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். குளிரில் அவன் பற்கள் லேசாகத் தந்தியடித்தன. அவள் தன் முக்காட்டின் முனையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். அவன் தடுக்காமல் முகத்தைக் கொடுத்துக்கொண்டு இருந்தான்.

"அங்கேருந்து பாத்தா நீ எப்படித் தெரிஞ்ச தெரியுமா?" என்றான். "எலைக்குள்ள வெச்ச சோத்துப் பொட்டலம் மாதிரி."

"நாசி லெமாக்கா?"

"முட்டையோட."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது மழையும் அடங்கிக்கொண்டிருந்தது. வெள்ளி நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. மூங்கில்கள் நனைந்து, கறுத்து, உண்மையாகவே அங்கே இருந்தன. காட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து வெயில் தாழ்வாக நுழைந்தது. தரையிலிருந்து ஆவி எழும்பியது. அந்த ஆவிக்குள் எல்லா மரங்களும் முழங்கால்வரை கரைந்து நின்றன.

விசில் கேட்டது. மிக அருகில். பின்னால் சிவநேசனின் குரல். "பாய்! கண்டுபுடிச்சுட்டோம் பாய்! எல்லா மரத்துலயும் பேட்ச் குத்தி வெச்சிருக்கீங்க!" சுபாஷினி ஏதோ சொல்ல, ஹுதா சிரிப்பது கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் மூங்கிலைச் சுற்றி வந்துவிடுவார்கள். அப்புறம் சூடான தே தாரேக் தேநீர். பிஸ்கட் டின்னிலிருந்து கைப்பேசிகள். மலைச்சாலை. நாளை கடை. அடுத்த ஞாயிறு என்று ஒன்று இல்லை.

சாஹித் எழுந்து நின்று கையை நீட்டினான். "வந்துட்டாங்க. எந்திரி, சபூ."

சபூரா அந்தக் கையைப் பிடித்தாள். எழவில்லை. பிடித்த கையைக் கீழே இழுத்தாள். அவன் என்னவோ என்று பதறி அவள் எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"கால் வலிக்குதா? அட்டை கடிச்ச எடமா?"

"இல்ல."

"பின்ன?"

அவன் முகம் மிக அருகில் இருந்தது. தினமும் எத்தனையோ கண்களுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கிறவள், இந்தக் கண்களை இத்தனை அருகில் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது. கண்ணுக்குள் ஒரு ஓலைக் கூரை சிறிதாகத் தெரிந்தது. அதற்குள் அவள் தெரிந்தாள். இலை, உப்பு, சாவி எல்லாம் வரிசையாக வந்து வாசலில் நின்றன. அவள் ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டாள்.

"மச்சான், ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும். தெரியும். இல்லன்னு சொன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"என்ன புள்ள? சொல்லு."

பேச்சுக்குரல்கள் நெருங்கி வந்தன. அவள் அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். குரல் கிசுகிசுப்பாக வரும் என்று நினைத்திருந்தாள். அது தெளிவாக, காட்டுக்கே கேட்கும்படி வந்தது.

"நம்ம மகள எங்க வெச்சீங்களோ, அங்க என்னையும் கூட்டிட்டுப் போங்க."